தேமல் விழுந்த கல்

மூன்றாம் வரிசையில் நிற்கிற சாம்பல் கல்லைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறீர்கள்? சொல்லவே வேண்டாம். முகத்திலேயே தெரிகிறது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே என் பட்டறைக்கு வந்து அதைப் பற்றிக் கேட்கிறவர்களில் இந்த மாதம் நீங்கள் ஏழாவது ஆள். உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

அப்பாவுக்குக் கல் வைக்க வேண்டும், அதே மாதிரிக் கல்தான் வேண்டும். அதுதானே? கிடைக்காது. அது ஜப்பான் கல். கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் லட்சணம் எனக்குத் தெரியும். ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டியவன் நான். நீங்கள் தூத்துக்குடி என்கிறீர்கள், சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். அதனால் சொல்கிறேன். பாளையங்கோட்டைக்காரர்கள் ஒருவரிடமும் இதை நான் சொல்லவில்லை.

என் பெயர் சூசைமாணிக்கம். இந்தத் தோட்டத்தில் நிற்கிற கற்களில் பாதிக்கு மேல் என் கை. இருபத்தாறு வருஷம். எல்லாம் கறுப்பு. கண்ணாடி மாதிரிக் கறுப்பு. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறது. முகம் பார்த்துத் தலைவாரலாம். பெயரைத் தங்கக் கலரில் எழுதி, மேலே இறந்தவர் போட்டோவை மெஷினில் பொறித்து, கீழே ஒரு ரோஜாப் பூ. பார்க்கிறவன் அழ வேண்டாமா? அழுவான்.

இந்த வருஷம் எனக்குச் சாதாரண வருஷம் இல்லை. எங்கள் பங்குக் கோவிலுக்கு இருநூறு வருஷம் நிறைகிறது. வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். முதல் சாமியாரிலிருந்து இப்போதைய சாமியார் வரை அத்தனை பேர் பெயரும் அதில் வரும். கோவிலுக்குள் போகிற ஒவ்வொருவனும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்லறையில் வைக்கிற கல்லை வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். வாசலில் வைக்கிற கல்லைத் தினம் பார்ப்பார்கள். அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பங்குப் பேரவை கூடிப் பேசி, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று தோட்டத்தில் உள்ள கற்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டது. பார்க்கட்டும் என்றேன். பாதிக்கு மேல் என் கல். எனக்கு வேறு யார் போட்டி?

அப்போதுதான் இந்தக் கிளமெண்ட் வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் நடுவில். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த பிரகாசியம்மாள் என்று ஒரு அம்மா போன வருஷம் இறந்துபோனார். அவருடைய மகன். ஜப்பானில் கப்பல் கட்டுகிற இடத்தில் இன்ஜினியர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய ஒரு மரப்பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இதோ, இந்த இடத்தில் இறக்கினார். இறக்கிவிட்டு எனக்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். பாதியாக மடிந்து. நம் ஊரில் பிறந்த ஆள்!

பெட்டியைத் திறந்தால் கல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் உலகத்துக்கே கல் அனுப்புகிறோம். ஜப்பான்காரனே நம் கறுப்பை வாங்கித்தான் தன் தாத்தாவுக்கு வைக்கிறான். இவர் அங்கேயிருந்து கப்பலில் கல் கொண்டுவருகிறார்.

“இது என்ன கல்லு தம்பி?”

“‘அஜி’ன்னு ஒரு ஊரு அண்ணாச்சி. நான் இருக்கிற எடத்துக்குப் பக்கம். அந்த மலையில மட்டும்தான் கெடைக்கும். பெரிசா வெட்ட முடியாது, நூறு வெட்டுனா நாலஞ்சுதான் தேறும். அங்க கல்லறைக்கு இதைவிட ஒசத்தி இல்லம்பாங்க.”

நூறுக்கு ஐந்து தேறுகிற மலையை நம் ஊரில் என்ன செய்வோம்? ஜல்லி உடைப்போம். ரோட்டுக்குப் போடுவோம். அங்கே அதற்குப் பேர் உசத்தி. கல்லும் பார்க்க ஜல்லிக் கலர்தான். உப்பையும் மிளகையும் மாவாக அரைத்துக் கொட்டின மாதிரி ஒரு சாம்பல். இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். பக்கமெல்லாம் இழைத்திருந்தது. முகம் மட்டும் சொரசொரப்பாக விட்டிருந்தார்கள்.

“அம்மா மூணு மாசம் எங்கூட வந்து இருந்தாங்கள்ல, அப்ப கல் பட்டறை வாசல்ல போய் உக்காந்துக்கிடுவாங்க. அவங்களுக்குப் பிடிச்ச கல்லு. நீங்க முகத்துக்குப் பாலீஷ் போட்டு, பேரும் பொறந்த வருஷமும் இறந்த வருஷமும் மட்டும் உளியால வெட்டிக் குடுங்க. போட்டோ வேண்டாம். பெயிண்ட் வேண்டாம்.”

போட்டோ வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். பிறகு கல் எதற்கு? அம்மிக்கா?

“இதுல ஒரு விசேஷம் இருக்கு அண்ணாச்சி. பாலீஷ் ஏற ஏற...” என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

“தம்பி, கப்பலைப் பத்தி நான் உங்ககிட்டப் பேசுறேனா?”

மறுபடியும் ஒரு மடிப்புக் கும்பிடு. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜப்பானுக்கே போய்விட்டார்.

என்னிடம் செபத்தியம்மாள் என்று ஒருத்தி பாலீஷ் மெஷின் ஓட்டுகிறாள். அதோ, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். வேலை சுத்தம், வாய்தான் ஆகாது. சாணைக்கல்லை நம்பர் நம்பராக மாற்றி இழைத்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் நாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இங்க வாங்க. கல்லுல என்னமோ தெரியுது.”

போய்ப் பார்த்தேன். தேமல்.

முதுகில் தேமல் வந்த ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரி. கல் முகம் முழுக்க ஒரு இடம் மங்கல், ஒரு இடம் கறுக்கல், விரல்கடை அகலத்துக்குத் திட்டுத் திட்டாக. விரலை வைத்துத் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை, வழுவழு என்றிருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் திட்டு கல்லுக்கு மேலே மிதக்கிற மாதிரி இருக்கிறது. இன்னொரு பக்கம் சாய்த்தால் உள்ளே இறங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது.

“எண்ணெய்க் கையோட தொட்டியா?”

“நான் எதுக்குத் தொடுதேன்? இது அழுக்கு இல்ல அண்ணாச்சி. கல்லுக்குள்ள இருக்கு.” அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “மேகம் ஓடுத மாதிரி அழகாத்தான் இருக்கு.”

“உன்னை அழகு பாக்கவா சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்?”

சோப்புப் போட்டுக் கழுவினேன். சோடா போட்டேன். ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். நம் கறுப்புக் கல் என்றால் ஆசிட் பட்ட இடம் வெளிறி அழுதிருக்கும். இது சும்மா கிடக்கிறது. சரி, மேல்தோலை எடுத்துவிட்டால் போய்விடும் என்று திரும்ப முதல் நம்பரிலிருந்து இழைக்கச் சொன்னேன். சொரசொரப்பாக இருக்கும்போது தேமல் இல்லை. பாலீஷ் ஏற ஏறத் திரும்பி வருகிறது. முன்பைவிடக் கூடுதலாக. ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை இழைத்தோம். ஒவ்வொரு தடவையும் இன்னும் நைசான சாணை, இன்னும் கூடுதல் நேரம். ஒவ்வொரு தடவையும் தேமல் இன்னும் தெளிவாக, இன்னும் ஆழமாக.

அந்தக் கல்லின் குணம் அப்படி. கடினம் என்றால் சும்மா கடினம் இல்லை. நம் கற்கள் பத்துக்கு வருகிற சாணையை இது ஒன்றே தின்றுவிட்டது. இறுக்கமான கல், கல்லுக்குள் ஊசி நுழைய இடம் இல்லை. நல்ல கல் என்றால் ஆளுக்கு இணங்க வேண்டும். சொன்னபடி கேட்க வேண்டும். இது கல் இல்லை, மாமியார்.

உங்களுக்கு இதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். கல்லை இறக்கும்போது தேமல் இல்லை. என் பட்டறையில் ஆறு வாரம் கிடந்த பிறகு தேமல். அதைக் கொண்டுபோய்த் திருநாளன்று மூன்றாம் வரிசையில் நிறுத்தினால் பேரவைக்காரர்கள் என்ன சொல்வார்கள்? சூசைமாணிக்கம் பட்டறையில் கறை பட்டுவிட்டது என்பார்கள். கோவில் வாசல் வேலை எனக்குக் கிடைக்குமா?

அதனால் கடைசி வைத்தியத்தைக் கையில் எடுத்தேன். எண்ணெய் வைத்தியம். தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் செய்கிறதுதான். கறுப்புக் கல் கொஞ்சம் வெளுப்பாக வந்துவிட்டால் எண்ணெயும் மையும் கலந்து தேய்த்துத் துடைப்போம். ஏமாற்று இல்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பவுடர் போடுவதில்லையா? இரண்டு மழையில் மை இறங்கிவிடும். வருஷா வருஷம் அக்டோபரில் குடும்பத்துக்காரர்கள் வந்து, “அண்ணாச்சி, அப்பா வெளுத்துட்டாரு, கொஞ்சம் கறுப்பாக்கிவிடுங்க” என்று கூப்பிடுவார்கள். போய்க் கறுப்பாக்கிவிட்டு வருவேன். அக்டோபர் எனக்கு அப்படித்தான் ஓடுகிறது.

தேமல் தெரியாமல் கல்லையே கறுப்பாக்கிவிடுவோம் என்று மையைப் பூசி ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன். மறுநாள் துடைத்தால் துணியோடு வந்துவிட்டது. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. மை குடிக்காத கல்லை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. துடைத்த இடத்தில் தேமல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. செபத்தியம்மாளும் சிரித்தாள்.

“அது குளிச்சுட்டு வந்த மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி!”

உளியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நாள் இல்லையே. பிரகாசியம்மாள் என்று வெட்ட ஆறு நாள். ஒரு எழுத்துக்கு மூன்று தடவை உளி தீட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்புக் கல்லில் எழுத்து வெட்டினால் விளிம்பு பொரிந்து உதிரும். அதிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்துகிற இடம் இருக்கிறதே, சுற்றிலும் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். அதற்குத்தான் தங்கப் பெயிண்ட். பூசினால் மூடிக்கொள்ளும். இந்தக் கல் உதிரவில்லை. உளி எங்கே நிற்கிறதோ அங்கே கல்லும் நிற்கிறது. சுழி சுழியாகவே வந்தது, புள்ளி கடுகு மாதிரி உருண்டையாக வந்தது. மூடி மறைக்க ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு திமிர் பிடித்த கல்.

செபத்தியம்மாள் ‘யம்மாள்’ என்கிற இடத்தில் விரலை விட்டு ஒவ்வொரு வளைவாக ஓட்டிப் பார்த்தாள். “இருபத்தாறு வருசத்துல நீங்க இப்படி வெட்டினதில்ல” என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? பன்னிரண்டு வருஷம்தானே இருக்கிறாள்.

முப்பத்தொன்றாம் தேதி கிளமெண்ட் வந்தார். கல்லுக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி, சண்டைக்கு வரப்போகிறார் என்று நான் முந்திக்கொண்டேன்.

“தம்பி, இந்தக் கறை என் பட்டறையில பட்டதில்ல. உங்க கல்லுக்குள்ளயே இருந்தது. வேணும்னா செபத்தியைக் கேளுங்க.”

“கறையா?” என்று என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, இதுக்குத்தானே இந்தக் கல்லே! இந்தத் திட்டுக்கு அங்க ‘ஃபு’ன்னு பேரு. மத்த கல்லுல இது இப்படி வராது. நல்லாப் பாலீஷ் போட்டாத்தான் வெளிய வரும். நான் அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல. மழைக்கு முந்தி நம்ம மகராஜநகர் வீட்டு மொட்டைமாடியில நின்னு பாத்தா வானம் இப்படித்தான் இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க.”

வானம் வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்கலாமே, கல் எதற்கு? கேட்கவில்லை. துக்க வீடு.

“நான் அங்க எத்தனையோ பட்டறையில பாத்திருக்கேன். இவ்வளவு எடுப்பா ஒருத்தரும் கொண்டுவந்ததில்ல. எப்படிச் செஞ்சீங்க?”

எப்படிச் செய்தேன் என்று சொல்வது? தம்பி, இதைத் தொலைக்கத்தான் பதினோரு தடவை இழைத்தேன் என்றா? செபத்தியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மரியாதைக்குச் சொல்கிறார். ஜப்பானில் அப்படித்தானாம், வீட்டை இடித்தாலும் நன்றி என்று குனிவார்களாம். தேமலைக் கண்டு மனசு உடைந்து அழுதார், ஆனால் பெரியவனைக் கோபிக்கக் கூடாது என்று ஒரு கதை கட்டிவிட்டார். அந்த ஊர்ப் பேர் என்று ஒரு எழுத்தையும் சொல்லிவிட்டார். ஃபு! ஊதி அணைக்கிற மாதிரி.

கிளம்பும்போது கேட்டார்: “அண்ணாச்சி, உங்க அடையாளம் எங்க?”

நான் செய்கிற ஒவ்வொரு கல்லிலும் வலது பக்கம் கீழ் மூலையில் ‘சூ. மா.’ என்று சின்னதாக வெட்டுவேன். வேலை முடிந்து, கல் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது என்று நானே பார்த்து முடிவு செய்த பிறகுதான் வெட்டுவேன். அது எனக்கு நானே வைத்த சட்டம்.

“வேண்டாம் தம்பி.”

“நீங்கதானே செஞ்சது? போடுங்க.”

“போடுங்க அண்ணாச்சி, ரெண்டு எழுத்துதான?” என்று செபத்தியம்மாளும் நடுவில் வந்தாள். “இதுல போடாம வேற எதுலதான் போடப்போறீங்க?”

“ஏ, நீ மெஷினைப் பாரு. என் பேரு தேமல் கல்லுல ஏறாது.”

கிளமெண்ட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அதே மடிப்புக் கும்பிடு. கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திருநாளன்று தோட்டம் நிறைய ஜனம். நானும் போனேன், பேரவைக்காரர்கள் என் கற்களுக்கு முன்னால் நிற்கிறதைப் பார்க்க வேண்டாமா? நிற்கவில்லை. மூன்றாம் வரிசையில் நின்றார்கள். கிளமெண்ட் ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு அம்மா கல்லின் தலையில் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஜப்பானில் அப்படித்தான் செய்வார்களாம். தண்ணீர் பட்டதும் தேமல் இன்னும் துலங்கிவிட்டது. கல்லுக்குள் மேகம் நகர்கிறது என்று ஒரு அம்மா சொல்ல, எங்கே எங்கே என்று எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். பைத்தியக்கார ஜனம். கொஞ்சம் தண்ணீர் பக்கத்துக் கல்லில் தெறித்துவிட்டது. நான் முந்தின நாள்தான் கறுப்பாக்கிய கல். மை கரைந்து கல்லறையின் வெள்ளைச் சுண்ணாம்புத் திட்டில் கோடு கோடாக வழிந்தது. “ஏம்ப்பா, தாத்தா ஒழுகுதாரு!” என்று அந்த வீட்டுப் பிள்ளை கத்தியது. என் கல்லைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் ஊற்றாவிட்டால் அது ஏன் ஒழுகப்போகிறது?

மறுநாள் கிளமெண்ட் ஜப்பான் போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் பேரவைச் செயலாளர் ராயப்பன் சார் இங்கே வந்தார். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். செபத்தியம்மாள் டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

“சூசை, ஒரு விஷயம் கேக்கணும். பிரகாசியம்மாள் கல்லை உன் பட்டறையில இருந்து ஏத்திட்டுப் போனதா வேன்காரன் சொன்னான்.”

“ஆமா சார்.”

“அந்த எழுத்து யாரு வேலை? மூலையில பேரே இல்ல. ஒரு செதில் உதிரல, பெயிண்ட் இல்ல, பத்தடி தள்ளி நின்னு படிக்கலாம். கோவில் கல்வெட்டை அந்தக் கைக்குத்தான் குடுக்கணும்னு சாமியார் ஒத்தக்கால்ல நிக்காரு. பேரவையும் சரின்னுட்டுது. ஆளு யாருன்னுதான் தெரியல.”

செபத்தியம்மாள் என்னைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

எனக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை. ஆனால் நீங்களே யோசியுங்கள். எழுத்து நான் என்றால் பாலீஷும் நான்தானே? தேமலும் என் கணக்கில்தானே விழும்? இன்றைக்கு மேகம் என்பார்கள். நாளைக்கு எவனாவது விவரம் தெரிந்தவன் வந்து, ‘இது கறைதானே’ என்று கேட்டால்? இருபத்தாறு வருஷம் குறை இல்லாத கல் கொடுத்தவன் நான். ஒரு குறைக் கல்லைக் காட்டியா கோவில் வாசலை வாங்குவேன்?

“அது ஜப்பான்லயே வெட்டி வந்தது சார். நான் பெட்டியைத் தொறந்து குடுத்ததோட சரி.”

டீ தம்ளர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. செபத்தியம்மாள்தான்.

ராயப்பன் சார் பெருமூச்சு விட்டார். “அப்படித்தான் இருக்கும். அவ்வளவு தூரத்துல இருந்து ஆளைக் கூப்பிட நமக்குக் கட்டுமா? கிரானைட்டே வேண்டாம், டைல்ஸ்ல பிரிண்ட் போட்டு ஒட்டிருவோம்னு ரெண்டு பேரு சொல்லுதாங்க. அப்படித்தான் முடியும் போல.” எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பினார். “உண்மையச் சொல்லட்டுமா சூசை? நேத்துக் கூட்டத்துல, ஒருவேளை நம்ம சூசைமாணிக்கமே வெட்டியிருப்பானோன்னு நான்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க.”

அவரும் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். செபத்தியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை.